கலக்கக் கூடாத கேக்

அன்பு மகன் ஜெரோமுக்கு,

மந்தைவெளிக்கும் கே.கே. நகருக்கும் நடுவில் ஒரு பஸ் பயணம்தான். தினமும் காலையில் போனில் பேசிக்கொள்கிறோம். பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று அதை முடித்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் நிறுத்த முடியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதன் பிரதி ஒன்றை நம் தேவாலயப் பங்கின் மாத இதழுக்கும் கொடுத்திருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். அக்டோபர் மாதத்திலிருந்து உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறேன். அதைச் சொன்னால் இந்த வீட்டில் நான் தனியாக இருப்பது முடிந்துபோகும் என்ற பயத்தில்தான் மறைத்தேன். உன் அப்பா போன நாளிலிருந்து நீ என்னை உன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டிருக்கிறாய். நான் எனக்குக் கையும் காலும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லி மறுத்துக்கொண்டிருக்கிறேன். கையையும் காலையும் பற்றிச் சொன்னது உண்மைதான்.

தவக்காலத்தின் முதல் வாரம் வித்யா அனுப்பியதாக ஒரு பெட்டி வந்தது. உள்ளே அன்னாசித் துண்டு டின் ஒன்று, பலவகைப் பழத் துண்டுகள் போட்ட டின் ஒன்று, ஒரு பாக்கெட் கேக் மாவு, அவள் கையால் எழுதிய ஒரு சீட்டு. "இரண்டு டின்னையும் தட்டில் கொட்டுங்கள். மேலே மாவைப் பரப்புங்கள். கலக்கக் கூடாது. அதன் மேல் வெண்ணெயை மெல்லிய வில்லைகளாக வையுங்கள். கரண்ட் அவனில் 180 டிகிரியில் முக்கால் மணி நேரம். ஈஸ்டருக்குச் செய்து பாருங்கள் அம்மா." இவ்வளவுதான். நாற்பத்தைந்து வருடமாக இந்தப் பங்கில் கேக் என்றால் யாரிடம் கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். கான்வென்ட்டில் எங்களுக்குச் சமையல் வகுப்பு எடுத்த சிஸ்டர், வெண்ணெயும் சர்க்கரையும் வெள்ளையாகும்வரை ஒரே திசையில் அடிக்க வேண்டும் என்பார். கை வலிக்கிறது என்று திசையை மாற்றியவளை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடுவார். அப்படிப் படித்தவளுக்கு, அடிக்காத, கலக்காத, முட்டை உடைக்காத ஒரு கேக்கை அனுப்பினால் என்ன அர்த்தம்? தவக்காலத்தில் நான் இனிப்பைத் தொடமாட்டேன் என்பது ஒன்பது வருடமாக மருமகளாக இருப்பவளுக்குத் தெரியாதா? நான் அந்த டின்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நசுங்கல் இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதனால் சந்தேகம் இன்னும் அதிகமாயிற்று.

அன்றைக்கே அவளுக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா வித்யா, இது எதுக்கு?"

"சும்மாதாம்மா. ஈஸ்டருக்கு ஈஸியா இருக்குமேன்னு."

"எனக்கு எது கஷ்டமா இருக்குன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைம்மா."

"அப்ப நீயாவே நெனச்சிக்கிட்டியா?"

"அடுப்புப் பக்கமே போக வேண்டாம்மா, கரண்ட் அவன்லயே முடிஞ்சிடும். அதான்" என்றாள். அந்த "அதான்" எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ ஒன்றை மூடி வைத்துவிட்டு மேலே உட்கார்ந்துகொண்டு பேசுகிறவளின் குரல் அது. முதலில் சமையலைச் சுருக்குவார்கள், அப்புறம் அடுப்பை எடுப்பார்கள், அப்புறம் "ஒரு ஆளுக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய வீடு" என்பார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நீயும் இதில் கூட்டு என்றுதான் நினைத்தேன்.

நினைக்கக் காரணம் இருந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு எல்லோரும் என்னிடம் அளவுக்கு மீறி அன்பாக இருந்தார்கள். கீழ் வீட்டு ஜமீலா, இருபது வருடமாக ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நானும் அவளும் தட்டு மாற்றிக்கொள்கிறோமே, அவள் மாடி ஏறி வந்து, "டீச்சர், இந்த ஈஸ்டருக்கு நீங்க ஒண்ணும் அலட்டிக்காதீங்க. நாங்க ஏதாவது செஞ்சு அனுப்புறோம்" என்றாள். என் கேக்குக்காக நவம்பரிலேயே ஞாபகப்படுத்துகிறவள் அவள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பாடகர் குழுப் பெண்கள் என் தோளைத் தொட்டு, "ரெஸ்ட் எடுங்க ஆன்ட்டி" என்றார்கள். எனக்கு என்ன நோய் என்று இவர்களுக்கு யார் சொன்னது? வீட்டுக்கு வந்து கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

சரி, அவர்கள் என்னதான் நினைக்கிறார்கள் பார்ப்போம் என்று, போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து அந்தக் கேக்கைச் செய்தேன். ஞாயிறு நோன்பில் சேராது என்பதால் ருசி பார்ப்பதில் பாவம் இல்லை. டின்னைத் திறப்பதற்குள் மணிக்கட்டு நோவெடுத்தது. பழத்தை ஜீராவோடு தட்டில் கொட்டினேன். ஒரே மஞ்சளும் சிவப்புமாக, கல்யாண ரிசப்ஷன்களில் ஐஸ்கிரீம் மேல் போடுவார்களே, அது போல இருந்தது. அதன் மேல் மாவைச் சலித்துத் தூவினேன். சீட்டில் சலிக்கச் சொல்லவில்லை. ஆனால் யாரோ அடைத்த மாவைச் சலிக்காமல் பயன்படுத்த என்னால் முடியாது. பிறகு கரண்டி தானாகக் கைக்கு வந்தது. கலக்கப் போய்விட்டேன். ஜெரோம், ஒரு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கலக்காமல் நிற்பது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியாது. மாவு ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம், இரண்டும் ஒன்றோடொன்று பேசாமல் கிடக்கின்றன. இது எப்படிக் கேக் ஆகும்? ஆகாது, ஆகாதபோது வித்யாவுக்குப் போன் செய்து சொல்லலாம் என்ற ஆசையில்தான் கரண்டியைக் கீழே வைத்தேன். வெண்ணெயை வில்லை வில்லையாக வைத்து அவனுக்குள் தள்ளினேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். மஞ்சுளா வந்தாள். நம் வீட்டில் பதினோரு வருடமாகப் பாத்திரம் தேய்க்கிறவள். பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே வருவாள், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தாமதமாக வருவாள். சமையலறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாமா அவன்ல? கருகற நாத்தம் தெருவுக்கே வருது."

"தெரியும். இப்பத்தான் எடுக்கப் போனேன்" என்று சொல்லிக்கொண்டே துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்து பார்த்தால் கேக் வெளிறிப் போய் இருந்தது. ஓரத்தில் கூட நிறம் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தேன். மஞ்சுளா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் கருகல. சும்மா சொன்னேன். கம்முனு மூடு, சூடு போய்டும்."

"என்ன விளையாட்டு இது?"

"வெளாட்டு இல்லமா. உனுக்கு மூக்கு வேலை செய்யல. எனுக்கு கிறிஸ்துமஸ்லேர்ந்து டவுட்டு. இன்னிக்கு கன்பார்ம் ஆய்ட்ச்சு."

ஜெரோம், இதுதான் நான் மறைத்தது. அக்டோபரில் ஒரு வாரம் காய்ச்சலாகப் படுத்திருந்தேனே, அது இறங்கியபோது வாசனையும் என்னை விட்டுப் போய்விட்டது. முதலில் எனக்கே தெரியாது. காபி காபியாக இல்லை என்று மயிலாப்பூரில் நாம் வழக்கமாகப் பொடி வாங்கும் கடையில் போய்ச் சண்டை போட்டேன். சிக்கரியை அள்ளிப் போட்டு அரைக்கிறீர்கள் என்று பத்துப் பேர் நடுவில் சொன்னேன். அந்த மனிதர் புதிதாக அரைத்து, என் கண் முன்னால் பொட்டலம் கட்டி, "இத போட்டுப் பாருங்கம்மா" என்று கொடுத்தார். அதுவும் வெந்நீர் போல் இருந்தது. கடையையே மாற்றிவிட்டேன். அப்பாவின் படத்துக்குப் போடும் மல்லிகைக்கு மணம் இல்லை என்று பூக்காரியிடம் கோபித்துக்கொண்டேன். முந்தின நாள் பூவைத் தண்ணீர் தெளித்து விற்கிறாள் என்று மாடி வீட்டில் சொன்னேன். ஒருநாள் சோப்பை மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். பிறகு பெருங்காய டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பெருங்காயமும் கை விட்டபோதுதான் புரிந்தது. ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் கலப்படம் செய்ய முடியாது. இருந்தும் அந்தக் கடைக்காரரிடமும் பூக்காரியிடமும் போய் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. வாசனை தெரியாத கிழவியைத் தனியாகக் கேஸ் அடுப்போடு விட்டுவைக்க எந்த மகனும் சம்மதிக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

நாற்காலியில் உட்கார்ந்து, "கிறிஸ்துமஸ்ல என்ன நடந்தது?" என்று மஞ்சுளாவைக் கேட்டேன்.

"சொன்னா திட்டுவ."

"சொல்லலைன்னாலும் திட்டுவேன்."

"கேக்கு புளிச்சி நாறிச்சிமா. ஊறுகா கேக்கு மாதிரி. எனுக்கு ஒரு டப்பா குடுத்த இல்ல, எங்க தெரு நாயி மோந்து பாத்துட்டு அப்டியே திரும்பிப் போய்ட்ச்சு."

உனக்கு நினைவிருக்கும், நான் ஆகஸ்டில் திராட்சை ஒயின் போட்டு ஜாடியை மூடி வைப்பேன். நவம்பரில் அதை வடித்து, அதில்தான் கேக்குக்கான உலர்ந்த பழங்களை ஊறவைப்பேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் நான் ஒயின் குடிப்பதில்லை. முகர்ந்து பார்த்தே தரம் சொல்வேன், அதில் எனக்கு ஒரு பெருமை. போன வருடமும் ஜாடியைத் திறந்து, வழக்கம்போல முகத்தைக் கொண்டுபோய், உன் எதிரில்தான், "நல்லா வந்திருக்கு" என்று சொன்னேன். எதையும் முகராமல் சொன்னேன். நிறத்தைப் பார்த்துச் சொன்னேன். அது புளித்துக் காடியாக, அதாவது வினிகராக, மாறியிருந்தது. அந்தக் காடியில் இரண்டு கிலோ பழத்தை ஒரு மாதம் ஊறவைத்து, கேக் செய்து, பதினாறு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். பங்குத் தந்தைக்குப் பெரிய துண்டு. எனக்குத்தான் எதிலும் ருசி இல்லையே, நான் ஒரு விள்ளல்கூட வாயில் வைக்கவில்லை. ஜமீலா வீட்டுக்கு எப்போதும்போல் ஒயின் சேர்க்காமல் தனியாகச் செய்தது. அதில் தப்பில்லை. ஆனால் கட்டடம் முழுவதும் பேசியது அவள் காதுக்கும் போயிருக்கும். பதினாறு வீடும் "ரொம்ப நல்லா இருந்துச்சு ஆன்ட்டி" என்றன. நீ என் எதிரில் உட்கார்ந்து இரண்டு துண்டு சாப்பிட்டாய். வித்யா மீதியை, "ஆபீஸ்ல எல்லாரும் கேப்பாங்கம்மா" என்று சொல்லி மூட்டை கட்டினாள். என் கேக்கை ஆபீஸ் வரைக்கும் கொண்டுபோகிறாளே என்று அன்றைக்கு நான் நெஞ்சு நிமிர்ந்து நின்றேன்.

மஞ்சுளா அதோடு நிறுத்தவில்லை. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் ஒருநாள் காலையில் அவள் உள்ளே வந்தபோது பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்ததாம். நான் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம். அது எனக்கும் நினைவு இருக்கிறது. "கொசு மருந்து அடிக்கணும், பால்கனில போய் குந்து மா" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்காரவைத்தாள். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் போன பிறகு வெள்ளி ஸ்பூன்களை எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டும் இருந்தன.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"உன்கிட்ட யாரு சொல்றது? சொன்னா என்னியே நிக்க வெச்சி கேள்வி கேப்ப. நீதான் திருகிவுட்டியான்னு கேப்ப."

"ஜெரோமுக்காவது சொல்லியிருக்கலாமே."

"சார்கிட்ட சொன்னா அன்னிக்கே வண்டி எடுத்துகினு வந்து உன்ன இட்டுகினு பூடுவாரு. நீ அங்க போய் எத்தினி நாளைக்கு இருப்ப? அதான் வித்யாம்மாகிட்ட சொன்னேன். அது போன்லயே அழுவுது. நான் பாத்துக்கறேன், சார்கிட்டயும் அம்மாகிட்டயும் இப்போதைக்கு சொல்லாதக்கான்னுச்சி. நாலு நாள் கழிச்சிதான் இந்த டின்னு வந்துது."

மேஜையில் கிடந்த சீட்டை எடுத்து மறுபடி படித்தேன். உப்பு, சர்க்கரை என்று நான் அளக்க வேண்டியது அதில் ஒன்றும் இல்லை. முகர்ந்து பார்க்கவோ ருசி பார்க்கவோ வேண்டியதும் இல்லை. பழம் கெட்டதா என்று கவலைப்பட வேண்டாம், டின். மாவு பழசா என்று பார்க்க வேண்டாம், பாக்கெட். கேஸும் வேண்டாம். மூக்கே இல்லாதவள் செய்தாலும் தப்பாத ஒரு கேக்கைத் தேடிக் கண்டுபிடித்து அனுப்பியிருக்கிறாள். என் சந்தேகத்தில் பாதி சரி. அவர்கள் என்னிடம் ஒன்றை மறைக்கத்தான் செய்தார்கள். எதற்காக என்பதில்தான் நான் முழுவதும் தவறிவிட்டேன். ஈஸ்டர் மேஜையில் மறுபடி பதினாறு வீட்டுக்கு முன்னால் நான் தலைகுனியக் கூடாது என்பதற்காக ஒருத்தி பாடுபட்டிருக்கிறாள். அவளை என் அடுப்பைப் பறிக்க வந்தவள் என்று நான் நினைத்தேன்.

அவள் ஏன் நேராக என்னிடம் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் கல்யாணம் முடிந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அவள் ஒரு கேக் செய்துகொண்டு வந்தாள். நங்கநல்லூரில் அவள் வீட்டில் முட்டை வாசல்படி தாண்டாது. பிறந்ததிலிருந்து முதல் முறையாக, எனக்காக ஆறு முட்டை உடைத்திருந்தாள். நான் தட்டை மூக்கருகில் கொண்டுபோய்விட்டு, "முட்டை நாத்தம் அடிக்குது. இத யார் தின்றது?" என்று சொல்லித் தள்ளி வைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நீ உன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முப்பத்தெட்டு வருடம் என் சமையலை ஒரு தடவை கூடக் குறை சொன்னதில்லை. அது அன்பு என்றுதான் நினைத்திருந்தேன். பயமும் கலந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அவரிடம் கேட்க வழியில்லை.

ஆகவே உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். நீ அந்த இரண்டு துண்டைச் சாப்பிட்டது மரியாதை என்று நினைத்தாய். எனக்கு அதனால் நடந்தது என்ன? நான் மூன்று மாதம் ஊரில் எல்லோர் முகத்தையும் பார்த்து, இவர்கள் ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று தனியாக யோசித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, புளிக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்குக் கத்தியிருப்பேன், இரண்டு நாள் போனை எடுத்திருக்கமாட்டேன், மூன்றாம் நாள் டாக்டரிடம் போயிருப்பேன். உன் வீட்டிலும் வித்யாவிடம் அப்படி இருக்காதே. சாம்பாரில் உப்பு இல்லை என்றால் இல்லை என்று சொல். நல்லபடியாகச் சொல், நான் சொன்ன மாதிரி சொல்லாதே, ஆனால் சொல். வித்யா உன்னிடம் மறைத்தாள் என்று அவளோடு சண்டைக்குப் போகாதே. என் வீட்டை எனக்கு விட்டுவைக்க வேண்டும் என்றுதான் அவள் உன்னிடம் மறைத்தாள். அவள் செய்ததும் ஆபத்தான காரியம்தான். அதை அவளிடம் நானே பேசிக்கொள்கிறேன். இதழுக்குக் கொடுத்த பிரதி அந்தப் பதினாறு வீட்டாருக்காக. அவர்கள் தின்றது காடி கேக் என்பது எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியட்டும். காபிக் கடைக்காரரிடமும் பூக்காரியிடமும் நேற்றே போய் வந்துவிட்டேன். பூக்காரி, "நீ திட்டாத நாளு எதுமா" என்று சிரித்துவிட்டாள்.

கேக் என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஆயிற்று. முக்கால் மணியில் ஓரமெல்லாம் பழரசம் கொப்பளித்து மேலே வந்து, நடுவில் பொன்னிறமாகப் பொருக்குக் கட்டியது. கலக்காமலே பழத்தின் ஈரமும் வெண்ணெயும் மாவுக்குள் இறங்கிவிட்டன. எனக்கு அதில் தெரிந்தது சூடும் இனிப்பும் பல்லில் பட்ட மொறுமொறுப்பும் மட்டும். மஞ்சுளா ஒரு கிண்ணம் நிறையப் போட்டுக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டாள்.

"நல்லா கீது. ஆனா இந்த மூலைல மாவு மாவா கீது பாரு. இங்க வெண்ண வெக்க மறந்துட்ட."

பார்த்தேன். வெள்ளையாக ஒரு திட்டு, உலர்ந்த மாவு. வைக்க மறந்துதான் போயிருந்தேன். இந்த வீட்டில் என் சமையலை என் எதிரில் ஒருவர் குறை சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மாமியார் ஆன பிறகு முதல் தடவை என்று சொல்ல நினைத்தேன், இல்லை, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவை.

இப்போது என் நிபந்தனைகள். சிலிண்டரின் ரெகுலேட்டரை அன்றைக்கே மஞ்சுளாவை விட்டுக் கழற்றிவிட்டேன். இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று வாங்கியிருக்கிறேன். அதில் பால் பொங்கினால் பால் மட்டும்தான் வீணாகும். வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அடையாறில் மூக்கு டாக்டரிடம் நானே நேரம் வாங்கியிருக்கிறேன். நீயும் வித்யாவும் வர வேண்டும். உள்ளே மூன்று பேரும் ஒன்றாகப் போவோம். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் தனியாகப் பேசுவது நடக்காது. அவர் சொல்வதை என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இது திரும்பி வராது, தனியாக இருக்கக் கூடாது என்று அவர் என் முகத்துக்கு எதிரே சொன்னால், கே.கே. நகரைப் பற்றி அன்றைக்கே பேசலாம். அதற்கு முன்னால் உன் வீட்டில் எனக்கென்று அறை ஒழித்து வைத்திருந்தால், எதையெல்லாம் வெளியே எடுத்தீர்களோ அதை மறுபடி உள்ளே வைத்துவிடுங்கள்.

வியாழக்கிழமை கீழே நின்று ஹாரன் அடிக்காதே. மேலே வா. ஜன்னல்களைச் சாத்தி, கதவை நானே பூட்டிக்கொண்டு வருவேன். சாவி என் கைப்பையில் இருக்கும்.

அன்புடன்,
அம்மா